செருகுநிரலின் ஓட்டையும் ஊரின் நம்பிக்கையும்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தில் ஊர்ச் செய்தி அறியும் வழக்கம் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. கொழும்பிலிருந்து வரும் பத்திரிகைக் கட்டினை எதிர்பார்த்துக் கடைத்தெருவில் காத்திருந்த தலைமுறையின் பிள்ளைகள், இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே செய்தியைப் படித்து முடித்துவிடுகின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, அவற்றை அண்மித்த சம்மாந்துறை ஆகிய ஊர்களின் பெயரால் செய்தித் தளங்கள் நடத்தப்படுகின்றன. பழைய மாணவர் சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாகங்கள், நலன்புரி அமைப்புக்கள், வர்த்தகர்கள் எனப் பலரும் தமக்கென இணையத்தளம் வைத்துக்கொள்ள விரும்புகின்றனர். டோஹாவிலும் ரியாதிலும் தொழில்புரியும் எம்மவர், ஊரில் நிகழ்ந்த ஜனாஸாச் செய்தியையும், பரீட்சைப் பெறுபேற்றையும், மாரிகால வெள்ள நிலைமையையும் இத்தளங்களின் வாயிலாகவே அறிந்துகொள்கின்றனர்.

இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியது. எனினும், ஊரார் நம்பிப் படிக்கின்ற ஒரு பக்கத்தில் அதன் உரிமையாளரைத் தவிர வேறு எவரேனும் எழுத முடியுமா என்ற கேள்வியை நம்மில் மிகச் சிலரே கேட்டிருக்கின்றோம். எழுத முடியும் என்பதே அதற்குரிய விடை. அவ்வாறு எழுதுவதற்குக் கடவுச்சொல்லைத் திருடவேண்டிய அவசியமும் எப்போதும் இருப்பதில்லை. தளத்தில் பொருத்தப்பட்டுள்ள சிறியதொரு துணைக்கருவியின் கவனக்குறைவே போதுமானது. கணினித் துறையினர் குரோஸ் சைட் ஸ்கிரிப்டிங் என அழைக்கின்ற இக்குறைபாட்டினைப் பற்றியும், அது எமது பிரதேசத்துக்கு ஏன் முக்கியமானது என்பதைப் பற்றியும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

ஒலிபெருக்கியும் துண்டுச் சீட்டும்

எமது ஊர்களில் ஒருவர் காலமானால் அச்செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றது. அவ்வறிவித்தலை எவரும் சந்தேகிப்பதில்லை. அறிவிப்பவரின் குரலுக்கல்ல, அது ஒலிக்கின்ற இடத்துக்கே மக்கள் மதிப்பளிக்கின்றனர். இனி, அறிவிப்பவரிடம் ஒருவர் துண்டுச் சீட்டொன்றைக் கொடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் முதல் வரியில் மரண அறிவித்தலும், இரண்டாவது வரியில் ஸகாத் பணத்தை இன்ன வீட்டில் ஒப்படைக்குமாறு கோரும் வாசகமும் உள்ளன. அறிவிப்பவர் வாசித்துப் பாராமல் முழுவதையும் ஒலிபெருக்கியில் படித்துவிடுகின்றார். ஊரார் அதனைப் பள்ளிவாசலின் சொல்லாகவே ஏற்றுக்கொள்வர். களவு செய்தவன் பள்ளிவாசலின் கதவை உடைக்கவில்லை, திறப்பைத் திருடவுமில்லை. தனது சொல்லைப் பள்ளிவாசலின் சொல்லாக்கிக்கொண்டான், அவ்வளவே.

இணையத்தளத்தில் நிகழ்வதும் இதுவே. எமது கணினியிலும் தொலைபேசியிலும் உள்ள உலாவி, ஒரு தளத்திலிருந்து வருகின்ற அனைத்தையும் அத்தளத்தின் சொல்லாகவே கருதுகின்றது. அவற்றுள் எழுத்துக்கள், படங்கள் மட்டுமன்றி ஜாவாஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளை நிரல்களும் அடங்கும். பின்னூட்டப் பெட்டி, தேடற் பெட்டி, தொடர்புப் படிவம் போன்றவற்றில் வெளியார் ஒருவர் இடுகின்ற எழுத்தினைத் தளம் பரிசோதியாது தன் பக்கத்தில் அப்படியே வெளியிடுமாயின், அவ்வெழுத்தினுள் மறைந்திருக்கும் கட்டளையும் தளத்தின் சொந்தக் கட்டளைபோல இயங்கத் தொடங்கிவிடும்.

எழுத்து எவ்வாறு கட்டளையாகின்றது என்பதற்குத் தமிழ் வாசகர் பலர் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில், 'ஈ' என்னும் எழுத்து ஆங்கில விசைப்பலகையின் இடக் கோணக்குறியில் அமைந்திருந்தது. இணையப் பக்கங்களை வடிவமைக்கும் மொழியிலோ அதே கோணக்குறி ஒரு கட்டளையின் தொடக்கத்தைக் குறிக்கும். ஆகவே, பாமினியில் தட்டெழுதிய 'ஈ' என்னும் எழுத்தை உரிய முறையில் மாற்றாது பக்கத்தில் இட்டால், உலாவி அதனை எழுத்தெனக் கொள்ளாமல், கட்டளையொன்று தொடங்குகின்றது எனக் கருதி, அடுத்துவரும் எழுத்துக்களையும் சேர்த்து விழுங்கிவிடும். எழுதியவர் எண்ணியது ஓர் உயிரெழுத்து. உலாவி விளங்கிக்கொண்டது ஒரு கட்டளை. எந்தத் தீய நோக்கமுமின்றி நேர்கின்ற இதே மயக்கத்தை ஒருவர் வேண்டுமென்றே உண்டாக்கினால், அதுவே தாக்குதலாக மாறுகின்றது.

இதற்குரிய மருந்தும் அந்த உதாரணத்திலேயே உள்ளது. வெளியாரிடமிருந்து பெற்ற எழுத்தினைப் பக்கத்தில் காட்டும்போது, கோணக்குறி, மேற்கோட்குறி முதலிய சில குறிகளை, கண்ணுக்கு அதே குறியாகத் தோன்றி ஆனால் கட்டளையாக இயங்காத மாற்று வடிவத்தில் எழுதிவிடவேண்டும். இன்றைய ஒருங்குறித் தமிழில் எழுத்துக்கள் யாவும் தமக்கெனத் தனி இடம் பெற்றிருப்பதால், இம்மாற்றத்தினால் தமிழ் வாசகத்துக்கு எவ்விதப் பாதிப்பும் நேராது. நிரல் எழுதுபவர் ஒரு வரியில் செய்யக்கூடிய காரியம் இது. அந்த ஒரு வரி மறக்கப்படுவதனாலேயே உலகின் பெரும்பாலான எக்ஸ்.எஸ்.எஸ். குறைபாடுகள் தோன்றுகின்றன.

இக்குறைபாடு பிரதானமாக இருவகைப்படும். முதலாவது, தீய நிரல் தளத்தின் தரவுத்தளத்திலேயே சேமிக்கப்பட்டு, அப்பக்கத்தைத் திறக்கின்ற ஒவ்வொருவரிடத்தும் இயங்குவது. அறிவித்தல் பலகையில் ஒட்டிய பொய் அறிவித்தலுக்கு இதனை ஒப்பிடலாம். இரண்டாவது, இணைப்பு முகவரியினுள் நிரலை ஒளித்து ஒருவருக்கு அனுப்பி, அவர் அதனை அழுத்தும்போது மட்டும் தளம் அந்நிரலை அவரிடமே எதிரொலிக்கச் செய்வது. இது ஒருவரின் கையிலேயே சீட்டைக் கொடுத்து அனுப்பி, அவருக்கே அதனை வாசித்துக்காட்டச் செய்வதைப் போன்றது. தளத்தின் வழங்கியைத் தொடாமலே, பக்கத்தில் ஏற்கனவே உள்ள நிரலின் தவறினால் உலாவிக்குள்ளேயே நிகழ்கின்ற மூன்றாவது வகையும் உண்டு. மூன்றிலும் அடிப்படைத் தவறு ஒன்றுதான்: பிறர் சொல்லைத் தன் சொல்லாக வெளியிடுவது.

கால் நூற்றாண்டுப் பழைய நோய்

இது புதிய நோயன்று. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனப் பொறியியலாளர்கள் இதற்குக் குரோஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்ற பெயரை இட்டனர். அவ்வாண்டு பெப்ரவரி 2ஆம் திகதி அமெரிக்காவின் சேர்ட் மையம் இதுபற்றிப் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. 2005 ஒக்டோபரில் சமி கம்கார் என்ற இளைஞர், அன்று உலகப் புகழ்பெற்றிருந்த மைஸ்பேஸ் தளத்தில் தனது சுயவிவரப் பக்கத்தினுள் சிறு நிரலொன்றை மறைத்து வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் அந்நிரல் தன்னைத் தானே பிரதி செய்துகொண்டது. ஒரு நாள் முடிவதற்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு அது பரவியது. தளத்தையே சிறிதுநேரம் மூடவேண்டி நேர்ந்தது. 2010 செப்டெம்பர் 21ஆம் திகதி டுவிட்டர் தளத்திலும் இத்தகைய குறைபாடொன்று வெளிப்பட்டு, இணைப்பின்மீது சுட்டியை நகர்த்திய மாத்திரத்திலேயே பயனாளர்களின் பெயரில் செய்திகள் பரவின.

நிபுணர் படையையே வைத்திருந்த நிறுவனங்களின் கதியே இதுவாயின், ஓர் இளைஞர் ஓய்வு நேரத்தில் நடத்துகின்ற ஊர்ச் செய்தித் தளத்தைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் காரணமும் மருந்தும் தெரிந்திருந்தும் இந்நோய் தணிந்தபாடில்லை. மென்பொருட் குறைபாடுகளுள் மிக ஆபத்தான இருபத்தைந்தினை ஆண்டுதோறும் நிரற்படுத்துகின்ற மைற்றர் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றிருப்பது இக்குறைபாடேயாகும்.

செருகுநிரல்களில் ஏன்?

உலகின் இணையத்தளங்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளில் இயங்குகின்றன. 2003இல் வெளிவந்த இம்மென்பொருள், நிரலறிவு இல்லாத ஒருவரும் தமிழில் தளம் நடத்தும் வசதியை அளித்தது. அதன் கருமென்பொருள் பல கண்களால் பரிசோதிக்கப்படுகின்றது. ஆயினும் அதில் இல்லாத வசதிகளைச் சேர்ப்பதற்காகப் பொருத்தப்படுகின்ற செருகுநிரல்களின் நிலை வேறு. தொடர்புப் படிவம், படத்தொகுப்பு, வாசகர் எண்ணிக்கை, விளம்பரச் சாளரம், தொழுகை நேர அட்டவணை, நன்கொடைப் பொத்தான் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு செருகுநிரல் உண்டு. வேர்ட்பிரசின் அதிகாரபூர்வ களஞ்சியத்தில் மாத்திரம் இத்தகையவை பல்லாயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் சில பெரிய நிறுவனங்களினாலும், பல தனிமனிதர்களாலும் எழுதப்பட்டவை. எழுதியவர் ஆர்வமிழந்து கைவிட்டவையும் அவற்றுள் உண்டு.

பச்ஸ்டாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வேர்ட்பிரஸ் தொடர்பான 5,948 புதிய குறைபாடுகளைப் பதிவு செய்தது. அவற்றுள் 97 சதவீதமானவை செருகுநிரல்களில் காணப்பட்டவை. பாதிக்கும் மேற்பட்டவை எக்ஸ்.எஸ்.எஸ். வகையைச் சேர்ந்தவை. வீட்டின் தலைவாசலுக்கு நல்ல பூட்டு இட்டுவிட்டு, பின்னால் இறக்கிய பத்தியின் கதவைத் திறந்துவிட்டதற்கு இதனை ஒப்பிடலாம்.

இதன் நடைமுறையை விளங்கிக்கொள்ள லைட்ஸ்பீட் கேஷ் என்ற செருகுநிரலின் அனுபவம் பெரிதும் உதவும். பக்கங்கள் விரைவாகத் திறப்பதற்கு உதவுகின்ற இச்செருகுநிரல் ஐம்பது இலட்சம் வரையான தளங்களில் பொருத்தப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வருகின்ற ஒரு தகவலை அது பரிசோதியாது சேமித்து, பின்னர் நிருவாகியின் பக்கத்தில் அறிவிப்பாகக் காட்டியது. அத்தகவலை அனுப்புபவர் யார் என்பதையும் அது வினவவில்லை. ஆகவே, தளத்தில் கணக்கே இல்லாத ஒருவர் ஒரேயொரு கோரிக்கையை அனுப்புவதன் மூலம் அங்கு நிரலொன்றை வைத்துவிட முடிந்தது. 2023 ஒக்டோபரில் இக்குறைபாடு திருத்தப்பட்டுப் புதிய பதிப்பு வெளியிடப்பட்டது. 2024 பெப்ரவரியில் விபரங்கள் பகிரங்கமாகின. அதே ஆண்டு மே மாதத்தில், திருத்தாத தளங்களைத் தேடித் தாக்குகின்ற நடவடிக்கை முழுவீச்சில் இடம்பெறுவது தெரியவந்தது. திருத்தம் வெளிவந்து ஏழு மாதங்களின் பின்னரும் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் பழைய பதிப்பிலேயே இருந்தன எனக் கணிக்கப்பட்டது.

அத்தாக்குதலின் முறைமை கவனிக்கத்தக்கது. நிரல் முதலில் அமைதியாகக் காத்திருக்கும். தளத்தின் நிருவாகி வழக்கம்போல் உள்நுழைந்து தன் பக்கத்தைத் திறக்கும்போது, அவரது உலாவியிலேயே அது இயங்கும். அவர் ஏற்கனவே உள்நுழைந்திருப்பதால், அவர் செய்யக்கூடிய அனைத்தையும் அவர் பெயரில் அது செய்யும். இங்கு அது செய்தது, புதிய நிருவாகி ஒருவரை உருவாக்கியமையாகும். நிருவாகியின் கடவுச்சொல் எவ்வளவு நீளமானதாக இருப்பினும் பயனில்லை; ஏனெனில் அது திருடப்படவேயில்லை. வீட்டுக்காரர் தாமே கதவைத் திறந்து உள்ளே செல்லும்போது, அவர் நிழலில் ஒட்டிக்கொண்டு கள்வனும் நுழைந்துவிட்டான்.

'எமது சிறிய தளத்தை யார் தாக்கப் போகின்றார்கள்?' என்று நண்பர்கள் பலர் கேட்பதுண்டு. தாக்குபவர் ஊரைப் பார்ப்பதில்லை, மொழியையும் பார்ப்பதில்லை. பலாடா இன்ஜெக்டர் எனப் பெயரிடப்பட்டுள்ள தாக்குதல் தொடர் 2017ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்றுவருகின்றது. பொப்அப் பில்டர் என்ற செருகுநிரலில் எக்ஸ்.எஸ்.எஸ். குறைபாடொன்று வெளிப்பட்டபோது, அத்தொடரின் இயக்குநர்கள் அதனைப் பயன்படுத்தி 2023 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து சில வாரங்களுக்குள் ஆறாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட தளங்களுக்குள் புகுந்தனர். அவ்வேலையைச் செய்வது மனிதர் அல்லர், தானியங்கி நிரல்கள். பழைய பதிப்பு எங்கே உள்ளதோ அங்கே அவை செல்லும். வலை வீசும் கரைவலைக்காரர் மீனின் பெயரைக் கேட்டு வீசுவதில்லை.

செருகுநிரலுக்கு அண்மித்த வேறோர் ஆபத்தும் உண்டு. 2018 பெப்ரவரி 11ஆம் திகதி, பார்வைக் குறைபாடுள்ளோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் பிரௌஸ்அலௌட் என்ற துணைக்கருவியின் நிரலில் விஷமிகள் மாற்றம் செய்தனர். அதனைத் தமது பக்கங்களில் இணைத்திருந்த நாலாயிரத்துக்கும் அதிகமான தளங்களில், பார்வையாளரின் கணினியைக் கொண்டு மின்னணு நாணயம் தோண்டுகின்ற நிரல் இயங்கியது. தகவல் பாதுகாப்பையே கண்காணிக்கும் பிரித்தானிய ஆணையாளர் அலுவலகத்தின் தளமும் அவற்றுள் ஒன்று. இது முன்னர் விளக்கிய குறைபாட்டின் வகையைச் சேர்ந்ததல்ல. எனினும், பிறருடைய நிரலை எமது பக்கத்தில் வைப்பது பிறரை எமது வீட்டில் குடியிருத்துவதற்குச் சமம் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

எமது கரைக்கு இதில் என்ன?

இதுவரை கூறியவை தொழில்நுட்பச் செய்திகள். ஆனால் எமது கவலை கணினியைப் பற்றியதன்று. ஒரு தளத்தின் பெயரால் பொய்யொன்று வெளியாகும்போது அதன் விலையைக் கொடுப்பவர்கள் மக்களே.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியினால் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அவ்வுணவில் இருந்தது மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். உணவில் கலந்து ஒருவரை மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லை என மருத்துவ உலகமும் விளக்கியது. ஆனால் விளக்கம் வருவதற்குள் வதந்தி சமூக வலைத்தளங்களில் நெடுந்தூரம் சென்றுவிட்டது. சில நாட்களுக்குள் கண்டியின் திகனப் பகுதியில் வன்செயல் மூண்டது. நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக் முதலிய தளங்கள் முடக்கப்பட்டன. அவ்வன்செயலில் தமது தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

அன்று வதந்தி பரவியது முகமறியாதோரின் பதிவுகளின் ஊடாகவாகும். அவ்வாறானதொரு செய்தி, ஊரார் பல ஆண்டுகளாக நம்பிப் படிக்கின்ற தளத்தின் தலைப்பில், அதன் இலச்சினையின் கீழ் தோன்றுமாயின் விளைவு எவ்வாறிருக்கும்? 'அந்தத் தளத்திலேயே வந்துவிட்டதே' என்ற ஒரு வார்த்தை போதும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்ற எமது மாவட்டத்தில் ஒரு செய்தியின் நம்பகத்தன்மை வெறும் பத்திரிகைத் தர்மம் மாத்திரமன்று. அது உயிர்ப் பாதுகாப்பும் ஆகும்.

கடலையும் நாம் மறந்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமாகும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு பலியாகினர். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கரையோர வீதிகள் அடையாளமின்றிப் போயின. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு ஆழிப்பேரலை எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு உட்பகுதிகளுக்கு விரைந்தனர். அலை வரவில்லை, எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆயினும், ஒரு சொல்லுக்கு எமது மக்கள் எவ்வளவு விரைந்து செயற்படுகின்றனர் என்பதை அந்நாள் காட்டியது. அத்தகைய சொல் பொய்யாகப் புகுத்தப்பட்டால் நெரிசலும் விபத்தும் நேரும். அதனிலும் கொடியது யாதெனில், இரண்டு முறை ஏமாந்த மக்கள் மூன்றாவது முறை வரும் உண்மையான எச்சரிக்கையை அலட்சியம் செய்துவிடுவர்.

இனி, பணம். வெள்ள நிவாரணத்துக்கும், நோயாளியின் சத்திரசிகிச்சைக்கும், றமழான் கால உதவிக்கும் இணையத்தின் மூலம் நிதி திரட்டுவது இன்று சாதாரணமாகிவிட்டது. தளத்தில் புகுந்த நிரலொன்று வேறெதனையும் தொடாது, வங்கிக் கணக்கிலக்கத்தை மாத்திரம் மாற்றிக் காட்டுமாயின், தூரதேசத்தில் வியர்வை சிந்தி உழைத்தவரின் தருமம் கள்வனின் கையைச் சென்றடையும். கொடுத்தவரும் அறியார், பெறவேண்டியவரும் அறியார். பழி மாத்திரம் தளத்தை நடத்திய அமைப்பின்மீது விழும்.

இவை மிகைப்படுத்திய அச்சம் எனச் சிலர் கருதலாம். 2016 ஓகஸ்ட் மாதத்தில் நாட்டின் சனாதிபதியின் உத்தியோகபூர்வ இணையத்தளத்துக்குள் புகுந்து, உயர்தரப் பரீட்சையின் திகதியை மாற்றுமாறு கோரிய வாசகத்தை அதில் வெளியிட்டமை தொடர்பாகக் கைது செய்யப்பட்டவர் பதினேழு வயதுப் பாடசாலை மாணவர். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையின் ஆள்களப் பெயர்ப் பதிவகம் தாக்கப்பட்டு, எல்.கே. முகவரி கொண்ட சில தளங்களை நாடியவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். இவற்றை எக்ஸ்.எஸ்.எஸ். குறைபாட்டுக்கு உதாரணமாக நாம் காட்டவில்லை. நாட்டின் முதன்மைத் தளங்களிலேயே பிறர் சொல் ஏற முடியுமென்பதற்கே காட்டுகின்றோம்.

செய்யத்தக்கவை

இக்குறைபாட்டினை நிரல் எழுதுவோரே வேரோடு அகற்ற முடியும். எனினும், தளம் நடத்துவோர் செலவின்றிச் செய்யத்தக்க காரியங்கள் பல உள்ளன.

முதலாவதாக, தமது தளத்தில் எத்தனை செருகுநிரல்கள் உள்ளன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயன்படாதவற்றை நிறுத்தி வைப்பது போதாது. முற்றாக அகற்றிவிட வேண்டும். நீண்டகாலமாகப் புதுப்பிக்கப்படாதவற்றுக்குப் பதிலாக வேறொன்றைத் தேடிக்கொள்ளல் வேண்டும். விலைகொடுத்து வாங்கவேண்டிய செருகுநிரல்களைக் களவுப் பிரதியாகப் பெற்றுப் பொருத்துவது அறவே கூடாது. அவற்றினுள் கள்வழி ஏற்கனவே வைக்கப்பட்டிருக்கக் கூடும்.

இரண்டாவதாக, புதிய பதிப்புக்களை உடனுக்குடன் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். 2020 ஓகஸ்டில் வெளிவந்த 5.5 பதிப்பிலிருந்து செருகுநிரல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை வேர்ட்பிரஸ் வழங்கியுள்ளது. 2023 மே மாதத்தில் அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற செருகுநிரலின் குறைபாடு பற்றிய மாதிரி வெளியான இருபத்து நான்கு மணித்தியாலங்களுக்குள் அதனைப் பயன்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. புதுப்பித்தால் பக்கத்தின் அமைப்புக் குலைந்துவிடும் என்ற அச்சத்தினால் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். அதற்கு மருந்து, தளத்தின் பிரதியொன்றை வேறோர் இடத்தில் ஒழுங்காகச் சேமித்து வருவதேயன்றி, பழையதிலேயே தங்கிவிடுவதன்று.

மூன்றாவதாக, நாளாந்தம் செய்தி பதிவதற்கு நிருவாகிக் கணக்கினைப் பயன்படுத்தலாகாது. செய்தி எழுதுவோருக்கு எழுத்தாளர் உரிமை மட்டுமுள்ள தனிக் கணக்கு வழங்குதல் வேண்டும். நிருவாகியாக உள்நுழைவது அருமையாக இருக்குமளவுக்கு, அவர் நிழலில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அருகும். பயனாளர் பட்டியலில் அறியாத நிருவாகி எவரேனும் உள்ளாரா என்பதை மாதமொருமுறையாயினும் பார்த்தல் நன்று.

நான்காவதாக, தளத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருத்தல் வேண்டும். அமைப்பொன்று விழா எடுத்துத் தளத்தை ஆரம்பித்து வைக்கின்றது. அதனை வடிவமைத்த இளைஞர் தொழில்தேடி வளைகுடா நாடொன்றுக்குச் செல்கின்றார். கடவுச்சொல் அவருடனே சென்றுவிடுகின்றது. தளமோ பராமரிப்பாரற்று, ஆனால் ஊரின் பெயரைத் தாங்கியவாறு திறந்தே கிடக்கின்றது. எமது பிரதேசத்தில் மாத்திரமன்றி எங்கும் காணக்கூடிய நிலை இது. கிணறு வெட்டுவோர் அதற்குக் கட்டும் கட்டவேண்டும். பராமரிக்க இயலாத தளத்தை மூடிவிடுவது, திறந்து விட்டுவைப்பதைவிட மேலானது.

நிரல் எழுதும் எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே வருவதைப் பரிசோதியுங்கள். வெளியே செல்வதைக் குறிமாற்றம் செய்யுங்கள். நிரலினால் தொடமுடியாதவாறு குக்கிகளைக் காக்கும் வசதி 2002ஆம் ஆண்டிலிருந்தே உலாவிகளில் உண்டு. எந்த இடத்திலிருந்து வரும் நிரலை மட்டும் இயக்கலாம் என உலாவிக்குப் பணிக்கின்ற உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையும் உண்டு. இவை இரண்டாம் அரண்களே; முதல் அரண் உங்கள் கவனமாகும்.

இவ்விடயத்தில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், சம்மாந்துறையிலுள்ள அதன் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கும் பெரும் பங்குண்டு என நாம் கருதுகின்றோம். தள உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியுடன் மாணவர்கள் ஊர்த் தளங்களைப் பரிசோதித்துக் குறைகளை அறிவிக்கும் ஏற்பாடொன்று, மாணவருக்குப் பயிற்சியாகவும் சமூகத்துக்குச் சேவையாகவும் அமையும். அனுமதி என்ற சொல்லை இங்கு அழுத்திக் கூறுகின்றோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரமின்றிப் பிறர் கணினியில் நுழைவது, நல்லெண்ணத்துடன் செய்ததாயினும், குற்றமாக முடியக்கூடும். தளம் தாக்கப்பட்டதாக அறிவோர் வெட்கத்தினால் மறைத்துவிடாமல், 2006ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவிப்பதோடு, தமது வாசகர்களுக்கும் உண்மையைக் கூறுதல் வேண்டும். தவறை ஒப்புக்கொண்ட தளத்தை மக்கள் மன்னிப்பர். மறைத்த தளத்தை மன்னியார்.

வாசகரின் கடமை எளியது. அச்சமூட்டும் செய்தியொன்றைக் கண்டால், அது நன்கறிந்த தளத்திலேயே வந்திருப்பினும், வேறொரு வழியில் உறுதிப்படுத்தாமல் பிறருக்கு அனுப்பாதிருத்தல் வேண்டும். பழகிய தளம் திடீரெனக் கடவுச்சொல்லையோ வங்கி விபரத்தையோ கேட்குமாயின், அதனைக் கொடுக்குமுன் நடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். ஊர்த் தளத்தின் பெரும் வசதியே, அதனை நடத்துபவர் அடுத்த வீதியில் இருப்பதுதானே!

நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையில், துணியில் ஓரிழை அறுந்தாலும் அதனைக் கண்டு முடிந்துவிட்டே நெசவாளர் தறியைத் தொடர்ந்து ஓட்டுவர். அறுந்த இழையைக் கவனியாது ஓட்டினால் குறை துணி முழுவதிலும் தெரியும் என்பதை அவர் அறிவார். எமது ஊர்கள் ஒன்றையொன்று நம்பி வாழ்வதற்குரிய துணியும் இன்று பெரும்பாலும் இணையத்திலேயே நெய்யப்படுகின்றது. அதில் அந்நியர் ஒருவர் ஓரிழையைப் புகுத்திவிடாது காப்பது, தறியின் முன் அமர்ந்திருக்கின்ற ஒவ்வொருவரினதும் பொறுப்பாகும். இன்றிரவே தமது தளத்தின் நிருவாகப் பக்கத்தைத் திறந்து, புதுப்பிக்க வேண்டியவை எத்தனை உள்ளன என்று பார்ப்பதிலிருந்து அப்பொறுப்பினை அவர்கள் தொடங்கலாம்.